பழைய பாட்டு மட்டும் போடும் இணைய வானொலி: கசெற்றிலிருந்து அட்டவணை வரை

கொட்டடிப்பெடியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில எங்கட வாசிகசாலையிலிருந்து 1940 முதல் 1980 வரையான தமிழ்ப் பாட்டுகள் மட்டும் போகிற இணைய வானொலி ஒண்டு தொடங்கப் பாக்கிறம். கையில இருக்கிறது: 300 கசெற் (கூடுதலா 90 நிமிசம், ரெக்கோடிங் பார் எண்ட பாட்டுப் பதியிற கடையில பதிஞ்சதும் வீட்டில றேடியோவிலிருந்து பிடிச்சதும்), 78 வேக இசைத்தட்டு 60 அளவில, எல்.பி. 40. ஒரு ரேப் டெக், 33, 45 மட்டும் ஓடுற தட்டுச் சுழற்றி, பழைய கொம்பியூட்டர் ஒண்டு.

பரீட்சார்த்தமா 200 பாட்டைக் கலைச்சு ஓடவிட்டுப் பாத்தம். பாட்டெல்லாம் நல்ல பாட்டு, ஆனா கேக்க வானொலி மாதிரி இல்லை, ஆரோ போனில பாட்டுப் போட்ட மாதிரிக் கிடக்கு. இலங்கை வானொலியில கேட்ட அந்தச் சீர் எங்கயிருந்து வந்தது? அட்டவணை எப்படிப் போடுறது? கசெற்றை எந்த முறையில மாத்துறது? அனுமதி ஏதும் வேணுமோ? தெரிஞ்ச ஆக்கள் விளக்கமா எழுதுங்கோ.

—

மீற்றர்பாண்ட் எழுதியது:

தம்பி, அந்தச் சீர் பாட்டிலிருந்து வந்ததில்லை. அதே இசைத்தட்டுகள் சென்னையிலும் இருந்தன. வித்தியாசம் நேரத்தைத் துண்டு போட்ட விதத்தில் இருந்தது.

கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் முறையாகத் தொடங்கியது. 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயரில் தனித் திணைக்களமானது. 1950இல் வர்த்தக சேவை வந்தது. 1952இல் இந்தியத் தகவல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கத் தொடங்க, இந்திய நேயர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். டெல்லி அதை உணர்ந்து விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3இல். இடைப்பட்ட அந்த ஐந்து வருசம் கொழும்புக்குக் கிடைத்த வாய்ப்பு. தமிழ் வர்த்தக சேவையில் எஸ். பி. மயில்வாகனம் தொடங்கி, கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, இராஜேஸ்வரி சண்முகம் என்று குரல்களே பெயர் பெற்றன. 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இல் நாட்டின் பெயர் மாற அதன் பெயரும் மாறியது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். வர்த்தக சேவை என்றால் நேரம் விற்பனைப் பொருள். கால் மணி, அரை மணி என்று விளம்பரதாரர் வாங்குவார். வாங்கிய துண்டு தனியாகத் தெரியவேண்டும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு முகப்பிசை, ஒரு குரல், ஒரு விதி. பொங்கும் பூம்புனல் என்றால் காலை, துள்ளலான பாட்டு. நீங்கள் கேட்டவை என்றால் பாட்டுக் கேட்ட நேயர்களின் பெயர்ப் பட்டியல். இசையும் கதையும் என்றால் நேயர் எழுதிய கதையும் அதற்குப் பொருந்தும் பாட்டுகளும். பாட்டுக்குப் பாட்டு என்றால் கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாடும் போட்டி. நேயருக்கு அடுத்து என்ன பாட்டு என்று தெரியாது, ஆனால் எந்த மாதிரிப் பாட்டு என்று தெரியும். நீங்கள் 200 பாட்டைக் கலைத்து விட்டபோது காணாமல் போனது அதுதான்.

அந்தப் பெயர்களை அப்படியே எடுத்துப் போடவேண்டாம். அவை இன்னொரு நிறுவனத்தின் நிகழ்ச்சிகள். அமைப்பை எடுங்கள், பெயரை நீங்களே வையுங்கள்.

ஒரு மணித்தியாலத்தின் உருவம் இப்படி இருக்கலாம்: முகப்பிசை 20 செக்கன், வேகமான, எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று, பிறகுதான் அறிவிப்பாளர் வாய் திறக்கவேண்டும். மணி அடித்தவுடன் இரண்டு நிமிடம் பேசினால் ஆள் போய்விடும். முதல் 15 நிமிடத்தில் ஒரே தாளக் கதியில் இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். பழைய பாட்டில் உள்ள பெரிய ஆபத்து மெதுவான சோகப் பாட்டுகள் அடுத்தடுத்து விழுவது. 1950களின் தத்துவப் பாட்டு இரண்டு தொடர்ந்து போனால் செத்த வீட்டு ஒலிபெருக்கி போலாகும். ஒவ்வொரு பாட்டுக்கும் 1 (மெதுவு) முதல் 5 (வேகம்) வரை ஒரு வேக எண் குறித்துக்கொண்டு, 2க்குக் கீழ் உள்ளவை அருகருகே வராமல் பாருங்கள்.

அறிவிப்பு. படம், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர், இந்த நாலும் சொல்லப்படவேண்டும். ஆனால் நாலையும் முன்னுக்கே கொட்டினால் பள்ளிக்கூட இடாப்பு வாசித்தது போலிருக்கும். பாட்டுக்கு முன் இரண்டு, பின் இரண்டு. இசையமைப்பாளர் பெயரில் கவனம்: விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை இணைந்தே இசையமைத்தார்கள். அதற்கு முந்திய படத்துக்கு ஒருவர் பெயரை மட்டும் சொன்னால் மறுநிமிடம் ஒரு நேயர் திருத்தி எழுதுவார், எழுதுவதும் நியாயம்.

இசையும் கதையும் மாதிரி ஒன்று செய்வதானால் கணக்கு இது. 30 நிமிடத்தில் 5 பாட்டு, ஒவ்வொன்றும் மூன்றேகால் நிமிடம் என்றால் 16 நிமிடம் 15 செக்கன். முகப்பிசைக்கும் இடையிசைக்கும் 2 நிமிடம். மிச்சம் ஏறக்குறைய 11 நிமிடம் 45 செக்கன். நிதானமான வாசிப்பில் நிமிடத்துக்கு 90, 100 சொல் போகும். ஆகவே கதை 1,100 சொல்லைத் தாண்டக்கூடாது. அனுப்புகிறவர்கள் 2,500 சொல் அனுப்புவார்கள், நீங்கள் பாட்டைப் பாதியில் வெட்டுவீர்கள். பாட்டை வெட்டாதீர்கள், கதையை வெட்டுங்கள்.

மரண அறிவித்தல் எங்கள் ஆட்களிடம் வானொலியின் முக்கியமான பகுதி. போடுவதானால் நாளுக்கு இரண்டு நிலையான நேரம், பெயரையும் ஊரையும் இரண்டு தரம் வாசிக்கவேண்டும். அது முடிந்த கையோடு காதல் பாட்டுப் போகக்கூடாது. ஒன்றரை நிமிட வாத்திய இசை (நாதஸ்வரம் வேண்டாம், அது மங்கலம், வயலின் அல்லது புல்லாங்குழல்) தனிக் கோப்பாக வைத்து, அறிவித்தல் கோப்பின் வாலிலேயே ஒட்டிவிடுங்கள். தனியாக விட்டால் ஒருநாள் மென்பொருள் அதைத் தாண்டிவிடும்.

நேர வித்தியாசத்தையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் காலை 6 மணி, கோடையில் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 8.30. இங்கே இரவு 8.30, இலண்டனில் பின்னேரம் 4 மணி. மாரியில் இரண்டும் ஒரு மணித்தியாலம் முந்தும். பிறந்தநாள் வாழ்த்தைக் காலையில் ஒருதரம், இரவு 8.30க்கு ஒருதரம் போட்டால் இரண்டு பக்கமும் பிடிக்கும். அட்டவணையை எப்போதும் இலங்கை நேரத்தில் எழுதுங்கள். மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் ‘நிகழ்ச்சி மாறிப்போச்சு’ என்று முறைப்பாடு வரும், அந்தக் கிழமைகளில் ஒரு அறிவிப்புப் போட்டால் சரி.

நல்லூர்த் திருவிழா 25 நாளும், மார்கழித் திருவெம்பாவைக் காலமும், பெரிய வெள்ளியும் தனி அட்டவணை கேட்கும். விடியற்காலையில் குத்துப் பாட்டு விழுந்தால் வாசிகசாலைக்கு ஆள் வரும், கேட்க இல்லை, ஏச.

—

ஊசிமுனை எழுதியது:

அண்ணை மேல சொன்னது சரி. நான் கசெற், தட்டு பற்றி மட்டும் எழுதுறன்.

முதல்ல கணக்கு. 300 கசெற் × 90 நிமிசம் = 450 மணித்தியாலம். கசெற் ஓடுற நேரம்தான் பதியிற நேரம், குறுக்கு வழி இல்லை. நாளுக்கு 3 மணித்தியாலம் எண்டால் 150 நாள். ஆகவே ஒரே பாட்டு நாலு கசெற்றில கிடந்தா நாலையும் பதியாதேங்கோ. முதல்ல ஒவ்வொரு கசெற்றின்ர அட்டையையும் பாத்து பட்டியல் எழுதி, எல்.பி.யில இருக்கிறதைக் கோடு போட்டு வெட்டுங்கோ, எல்.பி.தான் எப்பவும் முன்னுக்கு. கடைசியா கசெற்றுக்கெண்டு 150, 160 மணித்தியாலம்தான் மிஞ்சும்.

24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில பதியுங்கோ. ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 1 ஜிகாபைற். தரம் குறையாமல் சுருக்கிற ஃப்ளாக் கோப்பாக வைச்சா பாதியளவாகும். எம்.பி.3 கடைசியில, வானொலிக்குப் போற பிரதிக்கு மட்டும். பதியிற அளவு உச்சத்தில கழித்தல் 6 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும். 24 பிற்றில கொஞ்சம் குறைஞ்சாலும் பாதகமில்லை, மேல முட்டினா திரும்ப எடுக்க ஏலாது.

கசெற்றைப் போடுறதுக்கு முன்னம் வெளிச்சத்தில சுருளின்ர விளிம்பைப் பாருங்கோ. வெள்ளையா மா தூவின மாதிரி இருந்தா பூஞ்சணம். கடற்காத்தும் மாரி ஈரமும் உள்ள ஊரில இது சாதாரணம். அதை நல்ல டெக்கில போட்டா சுருளை வாசிக்கிற ஹெட்டில ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் போகும். அப்படியானதை வேற பெட்டியில ஒதுக்கி வைச்சு, கடைசியா, பழுதானாலும் பரவாயில்லை எண்ட ஒரு டெக்கில ஓட்டுங்கோ. ஹெட், கப்ஸ்ரன் (சுருளை இழுக்கிற உலோகத் தண்டு), ரப்பர் உருளை மூண்டையும் ஒவ்வொரு 5 கசெற்றுக்கும் ஒருதரம் துடைக்கவேணும். ஹெட்டுக்கும் கப்ஸ்ரனுக்கும் 99 வீத ஐசோபுறொப்பைல் அல்ககோல். ரப்பருக்கு அது அடிக்கடி பட்டா காய்ஞ்சு வெடிக்கும், அதுக்கு ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணியும் காய்ஞ்ச துணியும் போதும்.

சத்தம் மூக்கடைச்ச மாதிரி இருந்தா ஹெட் அழுக்கு, இல்லாட்டி கோணம் பிழை. ரெக்கோடிங் பார்க் கசெற்றுகளில இரண்டாவதுதான் கூட. பதிஞ்ச டெக்கின்ர ஹெட் ஒரு சாய்வில இருந்திருக்கும், உங்கட டெக் வேற சாய்வில. ஹெட்டுக்குப் பக்கத்தில வில்லுப் போட்ட ஒரு சின்ன ஸ்குறூ இருக்கு. பாட்டு ஓடேக்க இரண்டு பக்கத்தையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டு அந்த ஸ்குறூவை எட்டிலொரு பங்கு திருப்புங்கோ. ‘ச’, ‘ஷ’ ஒலியும் தாளச் சத்தமும் எந்த இடத்தில பளிச்செண்டு வருதோ அதுதான் இடம். தொடக்கத்தில ஸ்குறூ தலையில ஒரு புள்ளி வைச்சுப் போடுங்கோ, திரும்பி வர அடையாளம் வேணும். ஒரே கடையில பதிஞ்ச கசெற்றுகளை ஒரு கூட்டமா அடுக்கினால் ஒருதரம் சரிக்கட்டினது எல்லாத்துக்கும் பொருந்தும்.

உள்ளுக்கிருக்கிற பஞ்சு கழண்டு விழுந்த கசெற்றில சத்தம் வந்து வந்து போகும். ஸ்குறூ போட்ட நல்ல வெறுங்கூட்டில சுருளை மாத்திப் போடுங்கோ, பத்து நிமிச வேலை. ஒட்டின கூடா இருந்தா ஓரத்தைக் கத்தியால பிளந்துதான் எடுக்கவேணும்.

78 தட்டு. முதல் விதி: அல்ககோல் காட்டவே கூடாது. அது அரக்கில செய்த தட்டு, கரைஞ்சு போகும். காய்ச்சி வடிச்ச தண்ணி, ஒரு லீற்றருக்கு இரண்டு துளி பாத்திரம் கழுவுற திரவம், மெல்லிய தூரிகை, பள்ளத்தின்ர ஓட்டத்தோட. நடுவில ஒட்டின தாளில ஈரம் படவேண்டாம், அதில தொடர் இலக்கமும் பாடினவர் பேரும் இருக்கு. கழுவி உடன நிமித்திக் காயவிடுங்கோ. சாவி குடுக்கிற பழைய கிராமபோனில இரும்பு ஊசியால ஒருக்காலும் ஓட்டாதேங்கோ.

ஊசி வேற. எல்.பி. ஊசி 0.7 மில் (ஒரு மில் எண்டது அங்குலத்தில ஆயிரத்திலொரு பங்கு), 78க்கு 3 மில். சின்ன ஊசி பள்ளத்தின்ர அடியில உருண்டு அங்க கிடக்கிற தூசியைத்தான் வாசிக்கும். ஓடியோ-டெக்னிக்காவின்ர வி.எம்.95 வரிசையில 78க்கெண்டே ஒரு ஊசி இருக்கு, பாரம் 5 கிராம். எல்.பி.க்கு வைக்கிற 2 கிராமில விட்டா துள்ளும்.

உங்கட சுழற்றியில 78 இல்லையெண்டால் 45இல பதிஞ்சு ஓடாசிற்றி எண்ட இலவச ஒலித்திருத்த மென்பொருளில வேகத்தை மாத்தலாம். ‘வேகத்தை மாற்று’ எண்டதில 45இலிருந்து 78 எண்டு தெரிவு இருக்கு, 73.33 வீதம் கூடும். ‘சுருதியை மாற்று’, ‘கதியை மாற்று’ எண்ட மற்ற இரண்டையும் தொடவேண்டாம், அதுகள் ஒலியை நறுக்கி ஒட்டும். ஒரு சிக்கல்: தட்டுச் சுழற்றியின்ர ஒலியைப் பெருக்கிற போனோ முன்பெருக்கி போடுற ஒலிச்சமன் வேகத்தோட சேர்ந்து இடம் மாறும், அதால பாஸும் மேல்ஒலியும் கொஞ்சம் சமன் பிசகி இருக்கும். காதால திருத்தலாம். மோனோத் தட்டு எண்டதால இரண்டு பக்கத்தையும் கூட்டி ஒண்டாக்குங்கோ. ஊசி மேல கீழ ஆடுற இரைச்சல் அதில அடிபட்டுப் போகும். ஒரு சதம் செலவில்லாமல் கிடைக்கிற பெரிய நன்மை அதுதான்.

1940கள் தட்டில நீளமான பாட்டுகள் இரண்டு பக்கமாகப் பிரிஞ்சு இருக்கும். ஒட்டமுன்னம் இரண்டு பக்கத்தின்ர சுருதியையும் ஒப்பிடுங்கோ.

இரைச்சல் நீக்கி: ஒரேயடியா 24 டெசிபெல் குறைச்சா புல்லாங்குழலின்ர மூச்சுப் போய், பாடுறவர் தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி வரும். 6 டெசிபெல் போதும். மூலக் கோப்பில ஒண்டும் செய்யாமல் தனியா வையுங்கோ.

யூரியூப்பில எடுத்துப் போடுறதைத் தவிருங்கோ. அதில பாதி படத்தின்ர ஒலித்தடம்: நடுவில காலடிச் சத்தம், கதாநாயகியின்ர சிரிப்பு, இசைத்தட்டில இல்லாத ஒரு சரணம். மற்றப் பாதி பின்னாளில தாளம் சேர்த்த பிரதி.

—

கொட்டடிப்பெடியன் எழுதியது:

நன்றி அண்ணை. வேகம் பற்றி ஒரு கேள்வி. றேடியோவிலிருந்து பிடிச்ச சில கசெற்றுகளில சுருதி கூடிக் கேக்குது, ஒரே பாட்டு எல்.பி.யிலயும் இருந்தா ஒப்பிடலாம், இல்லாததை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை வைச்சுப் பாக்கலாம் எண்டு ஒரு இடத்தில கண்டன்.

—

ஊசிமுனை எழுதியது:

பாக்கலாம். கறண்டில ஓடின மெஷினில பதிஞ்சிருந்தா பாட்டுக்கு அடியில 50 ஹேர்ட்ஸ் முனகல் ஒண்டு சேர்ந்து பதிஞ்சிருக்கும். பாட்டில்லாத இடத்தில ஒரு 10 செக்கன் தெரிவு செய்து ஓடாசிற்றியின்ர அலைவரிசைப் படத்தில பாருங்கோ. உச்சி 51.5இல நிண்டால் கசெற் 3 வீதம் வேகமா ஓடுது. 50ஐ 51.5ஆல வகுத்தா 0.9709, அதாவது வேகத்தைக் கழித்தல் 2.91 வீதம் மாத்தவேணும். ஒரு அரைச் சுரம் எண்டது ஏறக்குறைய 6 வீதம், ஆகவே இது அரைச் சுரத்தின்ர பாதி. உங்கட டெக்கின்ர சொந்த முனகலும் 50இல நிக்கும், அதோட குழப்பாதேங்கோ. கசெற் நிக்கேக்க ஒருதரம் பதிஞ்சு பாத்தா அது எது எண்டு தெரியும்.

ஆனா யாழ்ப்பாணத்துக் கசெற்றில ஒரு பொறி இருக்கு. 1990களின்ர முதற்பாதியில இங்க கறண்ட் இல்லை. மண்ணெண்ணெயில ஓடின ஜெனரேற்றரில பதிஞ்சது எண்டால் அந்த முனகல் 47ஆகவும் இருக்கும், 53ஆகவும் இருக்கும், சுமை ஏற இறங்க மாறும். அதை 50 எண்டு நம்பித் திருத்தினா நல்ல பாட்டைப் பழுதாக்குவியள். அட்டையில போட்டிருக்கிற ஆண்டைப் பாத்து முடிவெடுங்கோ.

பற்றறியில பதிஞ்சது இன்னொரு வகை. தட்டுப்பாட்டுக் காலத்தில வெயிலில காயவைச்ச பற்றறியளைப் போட்டுப் பதிவினம். பற்றறி இறங்க இறங்க மோட்டர் மெதுவாகும், இப்ப சரியான வேகத்தில போட்டா பக்கத்தின்ர தொடக்கத்தில சரியா இருந்து கடைசியில சுருதி ஏறிக்கொண்டே போகும். ஒரே வீதத்தில திருத்த ஏலாது. ஒவ்வொரு பாட்டையும் தனியா வெட்டித் தனித்தனி வீதம் குடுக்கவேணும், பாட்டுக்குள்ளயே மாறினா ஓடாசிற்றியில வழுக்கி மாத்துற வசதி இருக்கு, தொடக்க வீதமும் முடிவு வீதமும் கேக்கும். சைக்கிள் டைனமோவில றேடியோ கேட்ட காலம்தான், ஆனா அது 6 வோல்ற் 3 வாற். கேக்கத்தான் காணும், மிதிக்கிறவரின்ர மூச்சுக்கு ஏத்த மாதிரி வோல்ற் ஆடுற அதில பதிஞ்சது எண்டு ஆரும் கசெற் தந்தா அந்தக் கசெற்றை விட்டுடுங்கோ.

—

நேரசூசி எழுதியது:

தம்பி, சுழற்சிக் கணக்கு நான் சொல்லுறன். இதைப் பிழையா வைச்சா மூண்டு கிழமையில ‘இவை போட்டதையே போடுகினம்’ எண்ட பேர் வரும், உங்களிட்ட ஆயிரம் பாட்டு இருந்தாலும்.

அறிவிப்போட சேர்த்து மணித்தியாலத்துக்கு 14 பாட்டு வைச்சுக்கொள்ளுங்கோ. 1008 பாட்டை ஒரே வரிசையில ஓடவிட்டா 1008 ÷ 14 = 72 மணித்தியாலம், சரியா 3 நாள். அதாவது திங்கள் காலை 7 மணிக்குக் கேட்ட பாட்டு வியாழன் காலை 7 மணிக்கும் வரும். காலையில மட்டும் கேக்கிறவருக்கு உங்கட வானொலியில இருக்கிறது ஒரு சின்னப் பெட்டிப் பாட்டுத்தான். இராசியான எண் எண்டு 1008 வைக்கவேண்டாம்.

பாட்டை மூண்டு கூட்டமாப் பிரியுங்கோ. எல்லாருக்கும் தெரிஞ்சது, ஓரளவு தெரிஞ்சது, அரிது. மணிக்கு 5, 7, 2. தெரிஞ்சது 200 எண்டால் 40 மணித்தியாலத்தில ஒரு சுற்று, 5 நாளைக்கொருக்கா அதே மணிக்கு வரும். அதை 205 ஆக்குங்கோ. 41 மணித்தியாலம். 41க்கும் 24க்கும் பொது வகுத்தி இல்லாததால 41 நாளுக்குப் பிறகுதான் அதே பாட்டு அதே மணிக்குத் திரும்பும். ஐஞ்சு பாட்டுத்தான் வித்தியாசம். அரிதான பாட்டு இரண்டையும் பக்கத்தில பக்கத்தில விடாமல் 20ஆம் நிமிசத்திலயும் 45ஆம் நிமிசத்திலயும் வையுங்கோ, இரண்டு பக்கமும் தெரிஞ்ச பாட்டு.

ஒரே பாடகர் திரும்ப வராத இடைவெளி எண்டு மென்பொருளில ஒரு விதி இருக்கும். எல்லாருக்கும் 60 நிமிசம் எண்டு போட்டால் முட்டும். உங்கட தொகுப்பில பத்தில நாலு டி. எம். சௌந்தரராஜன், சுசீலாவும் அந்தளவு எண்டால் அந்த விதி நிறைவேறவே முடியாது, மென்பொருள் விதியைக் கைவிட்டு மனம்போன போக்கில எடுக்கும். இந்த இரண்டு பேருக்கும் ஒரு பாட்டு இடைவெளி, ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீனிவாஸ், ஜிக்கி, சீர்காழி போன்றவைக்கு 90 நிமிசம்.

இந்த விதியெல்லாம் வேலை செய்யிறது கோப்பில எழுதின பேரை வைச்சுத்தான். ஒண்டில ‘டி.எம்.எஸ்.’, இன்னொண்டில ‘டி. எம். சௌந்தரராஜன்’, மற்றதில ‘சௌந்தர்ராஜன்’ எண்டு கிடந்தா மென்பொருளுக்கு அது மூண்டு ஆக்கள். ஒரு புள்ளி, ஒரு இடைவெளி வித்தியாசமும் அப்படித்தான். பேர்ப் பட்டியல் ஒண்டைத் தாளில எழுதிச் சுவரில ஒட்டி, அதில உள்ள மாதிரியே எல்லாரும் அடிக்கவேணும். சோடிப் பாட்டில ஆண் பெயர் முதல், பெண் பெயர் இரண்டாவது எண்டு ஒரு ஒழுங்கு. பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில அடிச்சதா இருந்தா நேயரின்ர போனில கண்டபடி ஆங்கில எழுத்துத்தான் தெரியும். யுனிகோட்டுக்கு மாத்தின பிறகே ஏத்துங்கோ.

ஒலியளவு கழித்தல் 18 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேக்கிற சத்தத்தின்ர அளவு), உச்சி கழித்தல் 1.5 டெசிபெலுக்கு மேல போகாமல். ஆனா 78 தட்டை மட்டும் அதே அளவுக்கு உயர்த்தவேண்டாம், தட்டு இரைச்சலும் சேர்ந்து உயரும். அதுக்குக் கழித்தல் 20. பாட்டு முடிஞ்சதும் இரைச்சல் பட்டெண்டு நிண்டா காதில அடிச்ச மாதிரி இருக்கும், கடைசி ஒன்றரை செக்கனை மெதுவா இறக்குங்கோ. 78ஐயும் சீ.டி.யிலிருந்து எடுத்த பாட்டையும் நேரடியா ஒட்டவும் வேண்டாம், இடையில ஒரு வசனம் பேச்சாவது வேணும். காது பேச்சில ஒருக்கா ஆறும்.

மென்பொருள்: அசூராகாஸ்ற். இலவசம், தானியங்கிப் பாட்டு, அட்டவணை, நேரடி ஒலிபரப்பு எல்லாம் உள்ளுக்கு இருக்கு. வாசிகசாலைக் கொம்பியூட்டரில வைக்காதேங்கோ, கறண்ட் போனால் வானொலியும் போகும். 4 ஜிகாபைற் நினைவகமுள்ள வாடகைச் சேவர் ஒண்டில வையுங்கோ. மோனோப் பாட்டுக்கு 64 கிலோபிற் தாராளம்: ஒரு நேயருக்கு மணிக்கு 28.8 மெகாபைற். சராசரியா 20 பேர் நாள் முழுக்கக் கேட்டா மாதம் 415 ஜிகாபைற் அளவு, வாடகை பேசேக்க அந்தக் கணக்கைப் பாருங்கோ. 128க்குப் போனால் இரட்டிப்பு, வெளிநாட்டில இருந்து போன் டேற்றாவில கேக்கிற ஆக்களுக்கும் செலவு.

வாசிகசாலையிலிருந்து நேரடியாப் பேசேக்க இணைப்பு அறுந்தா அசூராகாஸ்ற் தானாகவே பாட்டுக்குத் திரும்பும். ஆனா இணைப்பு இருந்து மைக் மட்டும் செத்தால் அது வெறும் மௌனத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். 20 செக்கன் மௌனம் எண்டால் மாறு எண்டு ஒரு வரி போட்டுவிடுங்கோ. மைக் டைனமிக் வகை, வாயிலிருந்து நாலு விரற்கடை. கொண்டென்சர் மைக் நல்லதுதான், ஆனா முற்றத்துக் காகமும் மின்விசிறியும் சேர்ந்து அறிவிக்கும்.

—

சட்டப்புள்ளி எழுதியது:

அனுமதி பற்றிச் சுருக்கமாக.

இணையத்தில் மட்டும் நில்லுங்கள். ‘5 வாற் எஃப்.எம். பெட்டி ஒன்று வாங்கி ஊருக்குள் விடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். ஊடக அமைச்சின் உரிமமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒதுக்கும் அலைவரிசையும் இல்லாமல் அது குற்றம், வாற் எத்தனை என்பது பொருட்டல்ல. மலிவுப் பெட்டிகள் ஒதுக்கின இடத்தில் நிற்பதுமில்லை. எஃப்.எம். முடிவது 108 மெகாஹேர்ட்ஸில், விமானங்களின் வழிகாட்டல், பேச்சு அலைவரிசைகள் தொடங்குவது அதற்கு அடுத்த படியில். பலாலியில் விமானம் இறங்கும் ஊர் இது.

பாட்டின் உரிமையை இரண்டாகப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒலிப்பதிவு தயாரித்தவருக்குள்ள உரிமை வெளியிட்ட ஆண்டு முடிவிலிருந்து 50 வருடம். ஆனால் பாடலை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஆயுளும் அதன்மேல் 70 வருடமும். 1960இல் வந்த இசைத்தட்டின் பதிவுரிமை முடிந்திருக்கலாம், ஆனால் கண்ணதாசன் காலமானது 1981இல், அவர் வரிகளுக்கு 2051 வரை உரிமை உண்டு. எம். எஸ். விஸ்வநாதன் 2015, ஆகவே 2085. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் 1959இல் மறைந்தார். தமிழ்நாட்டு அரசு அவரது பாடல்களை நாட்டுடைமையாக்கியிருந்தாலும் இசை இன்னொருவருடையது. ‘பழைய பாட்டுத்தானே’ என்பது சட்டத்தில் பதிலில்லை. கேட்கிறவர் கனடாவில் இருந்தால் அந்த நாட்டுச் சட்டமும் வரும். பணம் வராத வானொலி என்பதும் தனி விலக்கு அல்ல. ஒலிபரப்பைத் தொடங்குமுன், பாட்டுக்காரர் சார்பில் அனுமதி கொடுக்கும் உரிமைச் சங்கங்களுக்கு எழுதி, என்ன பாட்டு எத்தனை தரம் போனது என்ற பதிவேட்டை முதல்நாளிலிருந்தே சேமியுங்கள். அசூராகாஸ்ற் அதைக் கோப்பாகத் தரும், மாதத்துக்கு ஒருதரம் இறக்கிவையுங்கள்.

இங்கேயே பதிந்த ஈழத்து மெல்லிசை, பொப் பாடல்களைக் கொண்டு தொடங்கினால் அனுமதி கேட்பது இலேசு. பாடியவர்களோ குடும்பத்தினரோ பெரும்பாலும் தேடினால் அகப்படுகிற தூரத்தில் இருக்கிறார்கள்.

—

கொட்டடிப்பெடியன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதல் வேலையா அட்டைப் பட்டியலும் சுவரில ஒட்டுற பேர்ப் பட்டியலும். சீர்காழிக்கு ‘சீர்காழி கோவிந்தராஜன்’ எண்டு முழுசாப் போடவோ, ‘சீர்காழி’ மட்டும் போதுமோ?

—

நேரசூசி எழுதியது:

முழுசாப் போடுங்கோ தம்பி. மகன் சிவசிதம்பரமும் சீர்காழிதான்.